மரத்தரை போடப் போகிறீர்களா? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

மரத்தரை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். தேன் நிறமா, காப்பிக்கொட்டை நிறமா, சாம்பல் பூசியதுபோல் வெளிறியதா என்று மாதிரிப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்து வீடே கூடி வாக்கெடுப்பு நடத்தும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிடித்த நிறம், பிடித்த மரம் எல்லாம் முடிவான பிறகு, பலகை பதிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் நின்றேன். “கீழே என்ன தரை?” என்பதுதான் அவர் கேட்டது.

அந்தச் சங்கடம் உங்களுக்கு வராமலிருக்க, எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முதலில் வீட்டுக் காற்றின் ஈரம், அடுத்து அடித்தரை, பிறகு பலகையின் கட்டமைப்பு, பிறகு மரத்தின் வகை, பிறகு மேற்பூச்சு. இவ்வளவும் தாண்டி மிஞ்சியிருக்கும் நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சுவது குறைவாக இருக்கும். வீட்டில் சண்டையும் குறையும்.

முதலில்: மரம் அசையும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்

மரத்தை அறுத்து, சூளையில் உலர்த்தி, இழைத்து, பாலிஷ் போட்டுத் தரையில் அறைந்துவிட்டாலும் அது ஈரத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் நிறுத்தாது. காற்றில் ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் பருக்கும். காற்று வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் நடக்கும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மரத்தரையின் தொல்லைகளில் பெரும்பாலானவை அகலத்தின் தொல்லைகள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரணமாக அறுத்த சிவப்பு ஓக் பலகை, 125 மில்லிமீட்டர் அகலம். அந்த மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி கூடினால் அகலம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் கூடும். ஒரு பலகைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நான்கு மீட்டர் அகலமுள்ள அறையில் அப்படி 32 பலகைகள் இருக்கும். மொத்தம் ஆறு சென்டிமீட்டரை நெருங்கிவிடும். ஆணியும் பசையும் பிடித்து வைப்பதால் நடைமுறையில் அவ்வளவு நகராது. ஆனால் அந்த விசை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? ஒன்று சுவரில் முட்டும், இல்லையென்றால் தரை நடுவில் வயிறு உப்பியதுபோல் எழும்பும்.

எனவே மாதிரிப் பலகை வாங்குவதற்கு முன்னால் ஒரு சிறிய ஈரமானி வாங்கி, மரத்தரை போட நினைக்கும் அறையில் வையுங்கள். காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் எளிய கருவிதான். முடிந்தால் பருவம் மாறும்வரை குறித்து வாருங்கள்; அவ்வளவு பொறுமை இல்லையென்றால் சில வாரங்களாவது. பல தயாரிப்பாளர்கள் தங்கள் பலகைக்கு 30 முதல் 50 சதவீதம்வரையான ஈரப்பதத்தைத்தான் ஏற்றதாக எழுதியிருப்பார்கள். உங்கள் அறை அதைத் தாண்டி மேலும் கீழுமாக ஊசலாடுகிறது என்றால் மரத்தரையே கூடாது என்று பொருளில்லை. குறுகிய பலகையும் அடுக்குக் கட்டமைப்பும்தான் உங்களுக்குப் பொருந்தும் என்று பொருள். அகலமான முழுமரப் பலகைமேல் உள்ள ஆசையை இப்போதே விட்டுவிட்டால் பின்னால் வருத்தமிருக்காது.

அறுத்த விதமும் அசைவைத் தீர்மானிக்கும். பலகையின் முனையைத் திருப்பிப் பாருங்கள். வளர்ச்சி வளையங்கள் கிண்ணம்போல் வளைந்து படுத்திருந்தால் அது தட்டையாக அறுத்தது. வளையங்கள் கோடு கோடாக நிமிர்ந்து நின்றால் கால்வெட்டாக அறுத்தது. வளையங்களின் போக்கிலேயே மரம் அதிகம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் நிமிர்ந்த வளையமுள்ள பலகை அமைதியாகக் கிடக்கிறது. ஒரே அடிமரத்திலிருந்து இப்படி அறுத்தால் கழிவு கூடும், விலையும் கூடும். ஈரம் ஏறி இறங்கும் வீட்டில் அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு.

அடித்தரையைச் சோதியுங்கள்

கான்கிரீட்டா, மரச்சட்டங்களின்மேல் அடித்த பிளைவுட்டா? இந்தப் பதில் பாதி முடிவை எடுத்துவிடும். முழுமரப் பலகையை வழக்கமாக ஆணியடித்துத்தான் பதிப்பார்கள். ஆணி பிடிக்க அடியில் மரம் வேண்டும். நேரடிக் கான்கிரீட்டில் ஒட்டவோ, தரையோடு பிணைக்காமல் மிதக்கவிடவோ எஞ்சினியர்டு பலகை, அதாவது அடுக்கடுக்காக ஒட்டிய பலகை, ஏற்றது. நிலமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில் முழுமரத்தை நினைக்கவே வேண்டாம்.

புதுக் கான்கிரீட் மேலே காய்ந்து வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. 10 சென்டிமீட்டர் கனமென்றால் நான்கு மாதம். நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே விடுங்கள். காலையில் டேப்பை ஓர் ஓரத்தில் உரித்துத் தாளின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சில நேரம் வியர்த்ததுபோல் நீர்த்துளி தட்டுப்படும். சில நேரம் துளி இருக்காது, ஆனால் தாள் இருந்த இடம் மட்டும் சுற்றுத் தரையைவிடக் கருத்திருக்கும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பொறுங்கள்.

இந்தச் சோதனையில் தோற்ற தரை நிச்சயம் ஈரத் தரை. தேறிய தரை உலர்ந்த தரை என்று அடித்துச் சொல்ல முடியாது. வேலையை ஒப்படைக்கும்போது, கான்கிரீட்டில் துளையிட்டு உள்ளே உணரியை வைத்து அளக்கும் முறையைக் கேளுங்கள். வரும் எண்ணைப் பசை தயாரிப்பாளர் எழுதிய வரம்போடு ஒப்பிட வேண்டும். “கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது” என்பவரிடம் வேலையைக் கொடுக்க நான் தயங்குவேன்.

அடுத்தது சமதளம். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்பதைவிட மேடுபள்ளம் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. மூன்று மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைத் தரையில் கிடத்தி, அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். இடைவெளி 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தைச் சமன்படுத்தும் கலவையால் நிரப்ப வேண்டும். பள்ளத்தின்மேல் கிடக்கும் பலகை ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும். பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் காடி நாளடைவில் உடையும். அடியில் பிளைவுட் என்றால் நடந்து பார்த்து, கிறீச்சிடும் இடங்களில் இப்போதே திருகாணி போடுங்கள். மேலே பலகை வந்த பிறகு அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

கதவுகளையும் மறந்துவிடாதீர்கள். தரை 15, 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் கதவின் அடி இடிக்கும். பக்கத்து அறைத் தரையோடு படி ஒன்று உண்டாகும். இரவில் கால் இடிபடுவது அங்கேதான்.

முழுமரமா, எஞ்சினியர்டா?

எஞ்சினியர்டு என்றால் போலி மரம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே ஓர் அடுக்கு அசல் மரம், அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய பிளைவுட் அடுக்குகள். இதுதான் அதன் உடல். ஓர் அடுக்கு அகலத்தில் பருக்க முயன்றால் குறுக்காகக் கிடக்கும் அடுத்த அடுக்கு அதைப் பிடித்து வைக்கும். ஆகவே அகலப் பலகை வேண்டுமென்றாலும், கான்கிரீட் தரை என்றாலும், தரைக்கடியில் வெப்பமூட்டும் குழாய்கள் ஓடினாலும் இதுவே பாதுகாப்பானது. போலி என்று சொல்ல வேண்டுமானால் லேமினேட்டைச் சொல்லலாம். அது அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. அதற்கும் பயன் உண்டு, ஆனால் அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது.

முழுமரத்தின் பெருமையாகச் சொல்லப்படுவது, பல தடவை தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்பது. உண்மைதான். ஆனால் முழுக் கனமும் தேய்க்கக் கிடைப்பதில்லை. பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் அது நுழையும் காடி இருக்கும். தேய்க்க முடிவது அந்த நாக்குக்கு மேலிருக்கும் மரத்தை மட்டும்தான். 19 மில்லிமீட்டர் பலகையில் அது 6, 7 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்கும் கீழே தேய்த்தால் காடியின் உதடு மெலிந்து சிம்பு சிம்பாகப் பெயரும், ஆணித் தலைகள் வெளியே வரும்.

இதைப் புரிந்துகொண்டால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி தானே வந்துவிடும். எஞ்சினியர்டு பலகையில் மொத்தக் கனத்தைக் கேட்காதீர்கள். மேலடுக்கின் கனத்தைக் கேளுங்கள். 0.6 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர்வரை கிடைக்கிறது. இயந்திரம் வைத்து ஒரு தடவை முழுதாகத் தேய்த்தால் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர்வரை போய்விடும். 0.6 மில்லிமீட்டர் மேலடுக்கைத் தேய்க்க நினைப்பது வீண். அதன் ஆயுள் மேற்பூச்சின் ஆயுள்தான். 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் ஒருமுறை, இருமுறை தாங்கும். 6 மில்லிமீட்டர் மேலடுக்கு முழுமரத்துக்குச் சமமாகவே உழைக்கும். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், மாதிரியின் வெட்டுமுகத்தில் ஓர் அளவுகோலை வைத்து நீங்களே பாருங்கள். மேலடுக்கும் அடியடுக்கும் நிறம் மாறும் கோடு துல்லியமாகத் தெரியும்.

என்னைக் கேட்டால், முழுமரத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டே காரணங்கள்: அடியில் ஆணி பிடிக்கும் மரத்தரை இருக்க வேண்டும், அறையின் ஈரம் ஆண்டு முழுவதும் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் முழுமரம் என்பது வெறும் கௌரவம்.

எந்த மரம்?

கடினமரம் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அது தாவரவியல் பிரிவு; பூக்கும் இனத்து மரங்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். விரல் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் பால்சா மரமும் அந்தக் கணக்கில் கடினமரம். உண்மையான கடினத்தை அளக்க ஜான்கா சோதனை இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை, அதன் பாதி மரத்துக்குள் புதையும்வரை அழுத்துவார்கள்; அதற்குத் தேவைப்பட்ட விசைதான் மதிப்பெண். பவுண்டு விசையில் கறுப்புச் செர்ரி 950, அமெரிக்க வால்நட் 1,010, சிவப்பு ஓக் 1,290, வெள்ளை ஓக் 1,360, கடின மேப்பிள் 1,450, ஹிக்கரி 1,820. தேக்கு ஆயிரத்தை ஒட்டி நிற்கும். தேக்கின் புகழ் அதன் எண்ணெய்ப்பசைக்கும் குறைவான அசைவுக்கும் உரியது. நசுங்காமைக்கு உரியது அல்ல.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜான்கா எண் பள்ளம் விழுவதைப் பற்றிச் சொல்லும், கீறலைப் பற்றிச் சொல்லாது. நாய் நகமும் நாற்காலிக் காலும் முதலில் கீறுவது மேற்பூச்சை. அடியில் எந்த மரம் இருந்தாலும் அந்தக் கோடு விழும். கனமான சட்டி தவறி விழுந்தால்தான் மரத்தின் கடினம் பேசும். அப்போதும் ரேகையின் சாயல் ஒரு பெரிய உதவி: ஓக்கின் அழுத்தமான ரேகைக்குள் சின்னப் பள்ளங்கள் ஒளிந்துகொள்ளும். மேப்பிள் ஓக்கைவிடக் கடினம்தான், ஆனால் அதன் மேனி வழவழவென்று வெளிறியிருப்பதால் ஒரு கீறல்கூட மறையாது. மேப்பிளுக்குச் சாயமேற்றினாலும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். குழந்தைகளும் நாயும் ஓடும் வீட்டுக்கு நான் ஓக்கைத்தான் சொல்வேன்.

ஓக்கிலும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சிவப்பு ஓக்கின் சிறு துண்டு ஒன்றை, ரேகை நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, ஒரு முனையைச் சோப்பு நீரில் நனைத்து மறுமுனையில் வாய்வைத்து ஊதுங்கள். நுரை கிளம்பும். அதன் துளைகள் உறிஞ்சுகுழல்போல் முனையிலிருந்து முனைவரை திறந்திருக்கின்றன. வெள்ளை ஓக்கின் வைரப்பகுதியில் அந்தத் துளைகள் அடைபட்டிருக்கும். ஊதினால் ஒன்றும் வராது. மதுப்பீப்பாய்களை வெள்ளை ஓக்கில் செய்வது இதனால்தான். சமையலறை ஓரமும் வாசல் ஓரமும் அவ்வப்போது நனையும் என்றால் வெள்ளை ஓக்கை எடுங்கள். குளியலறையில் எந்த மரமும் வேண்டாம்.

தரப் பிரிவு என்று ஒன்றைக் காட்டுவார்கள். முடிச்சும் நிற வேறுபாடும் இல்லாதது மேல்தரம், இருப்பது கீழ்த்தரம். இது தோற்றத்துக்கான பிரிவு. வலிமையில் பெரிய வேறுபாடு கிடையாது. முடிச்சுகளை ரசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பணம் மிச்சம்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்பதற்கான எஃப்எஸ்சி சான்று இருந்தால் அதன் எண் ரசீதிலேயே இருக்க வேண்டும். எஞ்சினியர்டு பலகையில் பசை இருப்பதால், அதிலிருந்து கசியக்கூடிய ஃபார்மால்டிஹைடு வாயுவின் வெளியீட்டுத் தரச்சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். படுக்கையறைக்கு இது முக்கியம்.

மேற்பூச்சு

தொழிற்சாலையிலேயே பூச்சு முடித்து வரும் பலகை பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு கலந்து புற ஊதாக் கதிரில் இறுகியது. மிகக் கடினம், பதித்த அன்றே நடக்கலாம், வீட்டில் வாடை இருக்காது. ஆனால் பலகைகளின் ஓரம் சற்றுச் சரித்துச் செதுக்கப்பட்டிருக்கும், அந்த நுண்பள்ளங்களில் தூசி தங்கும். வீட்டில் பதித்தபின் தேய்த்துப் பூசினால் தரை ஒரே மேனியாகக் கிடைக்கும். பதிலுக்குச் சில நாட்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

வீட்டில் பூசுவதென்றால் மூன்று வழி. பாலியூரித்தேன் என்பது மரத்தின்மேல் படலமாக இறுகும் வார்னிஷ்; அதில் எண்ணெய் வகை மெல்ல மஞ்சளாகும். நீர் வகைப் பாலியூரித்தேன் நிறத்தை மாற்றாது, சீக்கிரம் உலரும். மெழுகு கலந்த எண்ணெய் மரத்துக்குள் ஊறும். சீக்கிரம் கறை பிடிக்கும், ஆனால் கறைபட்ட இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசிவிடலாம். பாலியூரித்தேனில் அந்த வசதி இல்லை. ஒட்டுப் போட்டது தெரியும். தரையைத் தாமே பார்த்துக்கொள்ளப் பிரியப்படுபவருக்கு மெழுகு கலந்த எண்ணெய். போட்டுவிட்டு மறந்துவிட நினைப்பவருக்குப் பாலியூரித்தேன். எதுவானாலும் பளபளப்பைக் குறையுங்கள். கண்ணாடிபோல் மின்னும் தரை முதல் மாதத்திலேயே எல்லாக் கீறலையும் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது நிறம்

ஒரே ஒரு சிறு மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெட்டியிலிருந்து நாலைந்து முழுப் பலகைகளை வாங்கி, தரையிலேயே படுக்க வைத்து, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். சுவரில் சாய்த்தால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும்.

வாங்கிய நிறம் நிலைக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். செர்ரி வெயில் பட்டுச் செவ்வண்ணமாகக் கருக்கும். வால்நட் நேர்மாறாக வெளுக்கும். மாதிரிப் பலகையின் பாதியை அட்டையால் மூடி ஜன்னலோரம் சில வாரங்கள் வைத்தால் அட்டை எடுக்கும்போது கோடு விழுந்திருக்கும். விரிப்புக்கு அடியிலும் நாளை அப்படித்தான் விழும். மிகக் கருத்த தரையில் ஒவ்வொரு தூசியும் தெரியும். நடுத்தர நிறங்களே வீட்டாருக்கு இரக்கம் காட்டுபவை.

வாங்குதலும் பதித்தலும்

அறையின் பரப்புக்கு மேல் நேர்வரிசைக்கு 10 சதவீதம், சாய்வரிசைக்கும் மீன்முள் அமைப்புக்கும் 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பலகைகளை இறக்கி “மூன்று நாள் வீட்டில் வைத்தால் போதும்” என்பார்கள். நாட்களை எண்ணாமல் ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள். பலகையின் ஈரப்பதத்துக்கும் அடியிலுள்ள பிளைவுட்டின் ஈரப்பதத்துக்கும் இடையே, 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலப் பலகை என்றால் 4 சதவீதப் புள்ளிக்கு மேலும், அதைவிட அகலமென்றால் 2 சதவீதப் புள்ளிக்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. பெயின்ட், சிமென்ட் பூச்சு போன்ற ஈர வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே பலகை வீட்டுக்குள் வர வேண்டும்.

சுவரோரம் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். முழுமரத்துக்குப் பலகையின் கனமளவு, அதாவது 19 மில்லிமீட்டர்வரை. ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைத்துவிடும். பதிப்பவர் நேர்த்தியாக இருக்கட்டும் என்று சுவரை ஒட்டியே தள்ளிவிட்டால், மேலே சொன்ன அந்த ஆறு சென்டிமீட்டர்க் கணக்கு வேலையைக் காட்டும்.

சில மாதங்கள் கழித்துப் பலகைகளின் ஓரம் தூக்கி நடு குழிந்தால், அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். உடனே தேய்த்துச் சமன் செய்ய ஆள் கூப்பிடாதீர்கள். குழிந்த நிலையில் ஓரங்களைத் தேய்த்துவிட்டால், ஈரம் வற்றிப் பலகை நிமிரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். பிறகு அதற்கு இன்னொரு தேய்ப்பு. முதலில் கசிவைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், பருவம் ஒன்று போகட்டும், ஈரப்பதம் நிலைத்தபின் தேய்க்கலாம். பல நேரம் தேய்க்கவே தேவையிருக்காது.

நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். வாசலில் காலின் மணலை உதிர்க்கும் கால்மிதி போடுங்கள். நீராவித் துடைப்பத்தை இந்தத் தரைப்பக்கமே கொண்டுவராதீர்கள். ஓக் தரையில் ஈரமான இரும்புச் சாமானை வைக்காதீர்கள். ஓக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை கொட்டியதுபோல் கருங்கறை பிடிக்கும்.

வேலை முடிந்ததும் மிச்சமான பலகைகளில் ஒரு பெட்டியை எடுத்து, அதன்மேல் மரத்தின் பெயர், தொகுதி எண், மேற்பூச்சின் பெயர், பதித்த மாதம் நான்கையும் எழுதி, கட்டிலுக்கடியில் வையுங்கள். பரணில் வேண்டாம், அங்கே காற்று வேறு. பின்னொரு நாள் ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால், அதே வீட்டுக் காற்றில் கிடந்த பலகை இடுக்கில் சரியாக உட்காரும்.